அரிசித் திருடனுக்கு மட்டும் நம்ம பாஷையாம்

பிடித்த புத்தகத்தைப் படமாக எடுக்க வேண்டும். இதுதான் பேத்தி ஸ்டெல்லாவின் வகுப்புக்குக் கொடுத்த வேலை. அவள் சொன்ன புத்தகத்தையே எடுத்தார்கள். நடிக்க என்னையும் இன்று கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கதையை அவள் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். வெள்ளத்தில் சடையங்குப்பத்து ஜனங்களைக் காப்பாற்றும் லாரி கிளீனர் மணி, அச்சு அசல் நம்மைப் போலவே பேசுவான். நிவாரண அரிசியைத் திருடுகிற பெரிய மனிதன்தான் சுத்தத் தமிழ் பேசுவான்.

போய்ப் பார்த்தால், மணி வேஷம் போட்ட பையன் "அன்னையே, அஞ்சற்க!" என்கிறான். அரிசித் திருடன் நானாம். கழுத்தில் கர்சீப், கன்னத்தில் மரு, வாயில் நம்ம பாஷை. படம் எடுக்கிற வாத்தியாரிடமே போய்க் கேட்டேன்.

"இன்னா சார், அப்டியே உல்டா பண்ணிக்கீறீங்க?"

"ஹீரோ உங்களை மாதிரி பேசினா மரியாதையா இருக்காது பெரியவரே."

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாத்தா, நம்ம மணி இப்டி பேசமாட்டான்ல?"

"கம்னு இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, கேமரா முன்னால் போய் நின்றேன்.

"அன்பர்களே, இவ்வரிசி மூட்டைகளை அடியேன் இல்லத்தில் இறக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "திருடன் இப்படியா பேசுவான்?" என்று சார் கத்தினார்.

"பொஸ்தகத்துல அப்டித்தான் சார் கீது. கைநாட்டு நானே கேட்டுக்கீறேன், நீங்க படிக்கலியா?"

என்னைப் படத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். ஸ்டெல்லா தானாகவே என்னோடு வந்துவிட்டாள். நாளைக்கு நாங்களே செல்போனில் எடுக்கிறோம், மணி வேஷம் எனக்கு.

திருடன் வேஷம் காலி. சுத்தத் தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் கமெண்டில் வரவும்.