பிரஸ் ஷாப்புக்கு ஒரு ஜப்பானிய டீச்சர்

1. மடமட

ஸ்டீபன் பட்டனை அழுத்தியபோது மோரி சானின் கை மோல்டுக்குள் இருந்தது.

செய்யாறு பக்கத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். கார்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஆரணியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். மோரி சான் ஜப்பானிலிருந்து டெக்னிகல் அட்வைசராக வந்திருந்தவர். வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டீபன் 'பி' லைனில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர், கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன்.

அன்று பிரஸ்ஸில் சூடு சரியாக ஏறவில்லை. மோரி சான் டெம்பரேச்சர் பார்க்கிற கம்பியை மோல்டுக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தார். செட்டிங் வேலை என்பதால் சேஃப்டி சென்சாரை ஆஃப் செய்திருந்தோம். ஸ்டீபன் பட்டன் அருகே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தலையைத் திருப்பாமல் "மதா, மதா" என்றார். ஜப்பானிய மொழியில் அதற்கு 'இன்னும் இல்லை, பொறு' என்று அர்த்தம். பிரஸ் ஷாப் இரைச்சலில் அது ஸ்டீபன் காதில் 'மடமட' என்று விழுந்தது. அழுத்திவிட்டான்.

கையை உருவிக்கொண்டார். கம்பி மட்டும் உள்ளே நசுங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

"சார், அவருதான் சார் மடமடன்னு சொன்னாரு. ஜல்தியா மூடச் சொல்றாருன்னு நெனச்சேன்" என்று ஸ்டீபன் அழுதான்.

எச்.ஆர். மேனேஜர் அதைக் கேட்டுச் சிரித்தார். "எங்கனா ஜப்பான்காரன் தமிழ்ல மடமடன்னு சொல்வானாய்யா? கதை வுடறியா?"

கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளர் என்று சென்னையில் ஒரு பெண் இருந்தார். போனில்தான் பேசுவார். அன்று அவருக்கு லைன் கிடைக்கவில்லை. விசாரணை முடிகிறவரை ஸ்டீபன் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஷிப்டுக்குப் பொறுப்பு என்று எனக்கு மெமோ கொடுத்தார்கள். மெமோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு சொல் புரியாமல் ஒரு மனிதனின் கை போயிருக்கும் என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜப்பானிய மொழி கற்றுக்கொள்வது என்று முடிவுசெய்தேன். அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

2. ஆரணியில் தேடியது

பட்டுப் புடவைக்கு வழி கேட்டால் ஆரணியில் நாலு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஜப்பானிய மொழிக்கு வழி கேட்டால் சிரித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். அதை நடத்துகிறவர் என்னை உட்கார வைத்து டீ சொன்னார். "ஜாப்பனீஸா? என்கிட்ட சைனீஸ் புக்கு ஒண்ணு கீதுங்க. எழுத்து ரெண்டும் ஒரே மாதிரிதான். நான் முன்னாடி ஒரு பாடம் படிச்சிகினு உங்களுக்குச் சொல்லிக் குடுத்துடறேன், இன்னா சொல்றீங்க?" டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு போனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவன் சென்னைப் பையன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஐ.டி. வேலைக்காரர்கள். அவர்களுக்குப் பரீட்சை வேண்டும், எனக்குப் பிரஸ் ஷாப்பில் பேச வேண்டும். வால்வு, லீக், பிரஷர் இதற்கெல்லாம் என்ன சொல்வது என்று கேட்டேன். "அங்கிள், அதெல்லாம் சிலபஸ்ல இல்ல. முதல்ல நீங்க மியூட் பண்ணுங்க, உங்க பக்கம் குக்கர் சத்தம் வருது" என்றான். என் மனைவி பத்மா அடுப்பை அணைத்துவிட்டாள். நாங்கள் சமணர்கள், எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அந்த வகுப்பால் இரண்டு நாள் அவள் வெறும் வயிற்றோடு படுத்தாள். "இப்பதான் படிக்கணும்னு தோணுச்சா உங்களுக்கு?" என்று மூன்றாம் நாள் கேட்டாள். வகுப்பை விட்டுவிட்டேன்.

வந்தவாசியில் ஜப்பானில் இருந்து திரும்பிய இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தால் அவர் இருந்தது ஜெர்மனியில்.

ஸ்டீபன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி கொசப்பாளையத்துக்குப் போனேன். தறிக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். ஜப்பானிய டீச்சர் தேடுகிற கதையை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவன் அக்கா எட்டிப் பார்த்தார்.

ஸ்டீபன் குரலைத் தாழ்த்தினான். "எங்க அக்கா அங்க மூணு வருஷம் இருந்தாங்க சார். முதியோர் இல்லத்துல. ஆனா அதப் பத்திப் பேசினா அவங்களுக்குப் புடிக்காது."

அவர் பெயர் எஸ்தர். நர்சிங் படித்தவர். ஆரணியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். நிற்கிற வேலை அவரால் முடியாது. ஜப்பானில் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கும்போது முதுகெலும்பில் அடி.

"சிஸ்டர், எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. அந்த பாஷையைப் பேசினா எனக்கு முதுகு வலிக்குது."

எழுந்துவிட்டேன். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார். "தமிழ்ல மடமடன்னா இன்னான்னு அந்த மோரி சானுக்கு யாராவது சொன்னீங்களா? என் தம்பி ஏன் அழுத்தினான்னு அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப உக்காருங்க. அதை மட்டும் சொல்லித் தரேன்."

3. ஒரே ஒரு வாக்கியம்

'தமிழில் மடமட என்றால் சீக்கிரம் என்று அர்த்தம்.' இதுதான் என் முதல் பாடம். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் நான் கத்திச் சொல்ல வேண்டும், எஸ்தர் திருத்த வேண்டும். "ஷாப்ல இதைவிடச் சத்தம் இருக்கும் இல்ல? இங்கயே கத்திப் பழகுங்க" என்றார்.

திங்கட்கிழமை கேன்டீனில் மோரி சான் எதிரே போய் நின்று சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சட்டென்று எழுந்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு நேராக எச்.ஆர். அறைக்குப் போனார். அடுத்த வாரம் ஸ்டீபன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தான்.

அதன்பிறகு எஸ்தர் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்ததும் வகுப்பு. டீச்சரை ஜப்பானில் கூப்பிடுகிற மாதிரி 'சென்செய்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் வேணாங்க. சிஸ்டர்னே கூப்பிடுங்க" என்றார்.

4. இடுப்பு வலிக்கிற பிரஸ்

எஸ்தருக்குத் தெரிந்தது முதியோர் இல்லத்து ஜப்பானிய மொழி. வலிக்கிறதா, மெதுவாக, பயப்படாதீர்கள், இந்தப் பக்கம் திரும்புங்கள். அதையேதான் நானும் கற்றேன். ஒரு நாள் ஹைட்ராலிக் பம்ப் லீக் ஆனது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "மெஷினுக்கு இடுப்பு வலிக்கிறது" என்று மோரி சானிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, உன் டீச்சர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் அம்மா அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறார் என்றார். அதற்குப் பிறகு என்னிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். லீக்குக்கும் வால்வுக்கும் அவரே சொல் கொடுத்தார்.

ஒரு வருஷம் தாண்டியதும் போனில் மொழிபெயர்த்த சென்னைப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். "நம்ம தரணியே இருக்காரே, இன்னொரு ஆள் எதுக்கு?" என்று மீட்டிங்கில் எச்.ஆர். மேனேஜர் என் தோளில் தட்டினார். என் பெயர் தரணேந்திரன். அந்தக் கம்பெனியில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

5. கொஞ்ச நாள்

ஒரு ஞாயிறு 'ஷிபராகு' என்று ஒரு சொல் வந்தது. கொஞ்ச நாளைக்கு, கொஞ்ச நேரத்துக்கு என்று பொருள். எழுதிக்கொண்டேன். எஸ்தர் நான் எழுதியதை எட்டிப் பார்த்தார்.

"இந்த வார்த்தையாலதாங்க நான் ஏமாந்தேன்."

முதுகில் அடிபட்டதும் இல்லத்தின் அலுவலகத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். மரியாதையாக, நீளமாக என்னென்னவோ பேசினார்களாம். பாதி புரியவில்லை. கூட இருந்த ஏஜென்ட், "ஷிபராகு ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. ஊருக்குப் போங்க, உடம்பு தேறினதும் கூப்பிடுவாங்க" என்றானாம். இவர் எழுந்து எல்லாருக்கும் குனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஊருக்கு வந்து போனைப் பாத்துகினே இருந்தேன். வந்த வரன் ரெண்டையும் வேணாம்னேன், திரும்பிப் போவணுமேன்னு. இங்க ஆஸ்பத்திரியில வேலை கூப்பிட்டாங்க, அதையும் வேணாம்னேன். அப்புறம் கூட வேலை செஞ்ச பொண்ணு ஒண்ணு போன் பண்ணிச்சு. அன்னிக்கே என் காண்ட்ராக்ட்டை முடிச்சிட்டாங்களாம். அவங்க அதைத்தான் சொல்லியிருக்காங்க. அந்த ஏஜென்ட்தான் மாத்திச் சொல்லிட்டான், நான் அங்க அழுது கலாட்டா பண்ணுவேன்னு."

கீழே தறி நின்றிருந்தது.

"முகத்துக்கு நேரா முடிஞ்சிதுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன்" என்றார்.

6. மீட்டிங்

அந்த மீட்டிங்கும் ஒரு திங்கட்கிழமைதான். 'பி' லைன் ஆட்கள் எல்லாரையும் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஷாப்பில் நிற்க வைத்தார்கள். அதற்கு முன்னால் எச்.ஆர். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"தரணி, மோரி சான் பேசுவாரு. லைனை நிறுத்தறோம்னு சொல்லுவாரு. நீங்க தமிழ்ல 'டெம்பரரி ஸ்டாப்'னு சொல்லிடுங்க. ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம்னு சேத்துக்கோங்க."

"கூப்பிடுவீங்களா சார்?"

"மெஷின் வேற நாட்டுக்குப் போவுதுய்யா. எங்கேர்ந்து கூப்பிடறது? உண்மையைச் சொன்னா கேட்டாண்ட உக்காந்துடுவானுங்க. அப்புறம் நமக்குத்தான் பேஜாரு."

மோரி சான் பேசினார். குனிந்துவிட்டுப் பேசினார். சின்னச் சின்ன வாக்கியங்களாக, எனக்குப் புரிகிற மாதிரியே பேசினார். இந்த லைன் இன்றோடு முடிகிறது. மறுபடி தொடங்காது. உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. மன்னிக்க வேண்டும். 'ஷிபராகு' அவர் வாயில் வரவே இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எச்.ஆர். மேனேஜரும் பார்த்தார். இரண்டாம் வரிசையில் ஸ்டீபன் நின்றிருந்தான்.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் ஒருவர் கத்தினார். "இதை அவரு சொல்றாரா, நீ சொல்றியா?" அவர்தான் சொல்கிறார் என்றேன். "உன் வேலை இருக்குதில்ல? அதான் சுளுவா சொல்ற. ஜப்பான்காரன் நாக்காயிட்ட நீ!" யாரோ தொப்பியைக் கழற்றி என்மேல் எறிந்தார். மோரி சான் ஒன்றும் புரியாமல், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று என்னையே கேட்டார். அதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

ஸ்டீபன் வெளியே போகும்போது என் அருகில் நின்றான். "நல்லா பேசுறீங்க சார் ஜாப்பனீஸ்" என்றான். அவ்வளவுதான்.

அவர்கள் கேட்டில் உட்கார்ந்தார்கள். நஷ்ட ஈடாகக் கொஞ்சம் கிடைத்தது, போதுமானது இல்லை. ஆனால் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கவில்லை. வேறு வேலை தேடிப் போனார்கள். ஸ்டீபன் ஓசூருக்குப் போனான். பொண்டாட்டி பிள்ளை இங்கே, அவன் அங்கே.

அந்த ஞாயிறு மாடிக்குப் போனேன். எஸ்தர் கதவருகிலேயே நின்றார்.

"அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் சொன்னேன் சிஸ்டர்."

"தெரியுங்க. தம்பி சொன்னான். நீங்க செஞ்சது சரிதான்." கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆனா என் தம்பி வேலை போச்சுன்னு சொல்ல, என்கிட்டயே கத்துகினு போயிட்டீங்க. எனக்கு அது ஆறலைங்க. இனிமே வராதீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செய்தது சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு ஸ்கேன் சென்டர் வழியாகப் போக நேர்ந்தால் எதிர்ப்பக்கம் நடப்பேன்.

7. கைதட்டல்

எச்.ஆர். மேனேஜர் என்னை மன்னிக்கவில்லை. மோரி சான் ஊர் திரும்பியதும் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மொழிபெயர்க்க மறுபடியும் சென்னையிலிருந்து ஆள் வந்தது. ஸ்டோர்ஸில் பேரிங்குகளோடும் ஆயில் டின்களோடும் மிச்ச வருஷங்களைக் கழித்தேன். அங்கே ஜப்பானிய மொழிக்கு என்ன வேலை?

ரிட்டயர்மென்ட் அன்று சால்வை போட்டார்கள். "நம்ம தரணி சாரோட ஜாப்பனீஸ் இந்தக் கம்பெனிக்குப் பெரிய அசெட்" என்று எச்.ஆர். மேனேஜர் மைக்கில் பேசினார். "சார், கடைசியா நாலு வார்த்தை ஜாப்பனீஸ்ல பேசுங்க!" என்றார். ஜப்பான்காரர்களும் மொழிபெயர்ப்பாளரும் அன்று வரவில்லை; ஹாலில் அந்த மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மைக்கை வாங்கி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: 'இந்தச் சால்வை எனக்கு வேண்டாம். உங்களோடு வேலை செய்ததில் கடைசி வருஷங்கள் எனக்குக் கசப்பு. இங்கே யாருக்கும் இது புரியப்போவதில்லை என்பது அதைவிடக் கசப்பு.' எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். எச்.ஆர். மேனேஜர்தான் எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார்.

இப்போது ஆரணியிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் பிள்ளைகள் போன் செய்து, ஜப்பானிய மொழிக்கு டீச்சர் கிடைப்பாரா அங்கிள் என்று கேட்கிறார்கள். தேடினால் கிடைப்பார் என்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். மொழி தெரிந்தவன் என்று பெயர் வந்துவிட்டால், ஒரு நாள் இரண்டு பேருக்கு நடுவில் உங்களை நிறுத்துவார்கள். சொன்னதை மாற்றாமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கூடக் கதவைச் சாத்தலாம். அப்படியும் மாற்றாதீர்கள்.