கருகல் தூள் என்று திருப்பிக் கொடுத்தார்கள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் ஆண்டவரோடு சண்டை போட்டவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். அப்பாவும் அம்மாவும் வெளியே வரவில்லை. ஓடிய கூட்டத்தில் தம்பி ரஞ்சனின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவனுக்கு இருபது வயது. பேப்பரில் கலவரம் என்று எழுதினார்கள். எங்களுக்கு அது இனப்படுகொலை. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது.

படகேறி மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். என்னைப்போல் தப்பி வந்த பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் ஏற்காட்டில் இல்லம் நடத்தியது. அடுத்த வருடம் அங்கே கூட்டிப்போனார்கள். கம்பளி கொடுத்தார்கள். முகாம் முகாமாகக் கடிதம் எழுதி ரஞ்சனைத் தேடினார்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே எல்லாப் பதிலும் வந்தது. தினமும் என் ஜெபம் ஒன்றுதான். "ஆண்டவரே, உயிரோடிருந்தால் காட்டும். இல்லையென்றால் அதையாவது சொல்லும்." அவர் இரண்டையும் செய்யவில்லை. என்னை மட்டும் எதற்கு விட்டுவைத்தீர் என்று கேட்டுக்கொண்டு போர்வைக்குள்ளேயே கிடப்பேன்.

இல்லத்தைக் கவனித்த சரசக்கா சேலத்துக்காரர். சும்மா இருக்க விடமாட்டார். "உக்காந்து அழுதா மனசு இன்னுமில்ல கெட்டுப்போயிரும்! எந்திரிங்க கண்ணு, உங்க ஊரு கொழம்புத்தூளு அரைக்கலாம்" என்று எங்களை அடுப்படிக்குத் துரத்தினார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கில் நெடி ஏறுகிறது. வெளியே மூடுபனியும் காப்பிப்பூ வாசமும். உள்ளே மிளகாய்ப் புகை. எல்லோரும் ஒன்றாகத் தும்முவோம், பிறகு வாய்விட்டுச் சிரிப்போம். ஊரை விட்டு வந்தபின் நாங்கள் சிரித்தது அங்கேதான்.

அம்மாவின் அளவிலேயே தூள் செய்தேன். எல்லாவற்றையும் கறுக்க வறுக்க வேண்டும். பெருஞ்சீரகம், அதாவது இங்கே சொல்கிற சோம்பு, மற்றவர்கள் போடுவதைப்போல் இரண்டு பங்கு. வீட்டில் ரஞ்சன் அதற்காக அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்பான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பாய் அந்தப் பாக்கெட்டுகளை விற்க எடுத்துப்போனார். ஒரே வாரத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. தூளு நொம்பக் கருகிப்போச்சுன்னு அல்லாருமே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"கருகேல்லை! எங்கட தூள் இப்பிடித்தான்!" என்று கத்திவிட்டேன். கருகல் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அன்று ஜெபத்தில் வாய்க்கு வந்தபடி கேட்டேன். "அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அளவு மட்டும்தான். அதையும் பறிக்கிறீரா?" ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில் கொட்டப் பாய்க்கு மனம் வரவில்லை. அடிவாரத்தில் அவருடைய மச்சான் சாப்பாட்டுக் கடை நடத்தினார். மிச்சப் பாக்கெட்டுகளை அங்கே அனுப்பிவிட்டார். மச்சான் அதை மீன் குழம்பில் போட்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், நான் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பாயின் குரல் கேட்டது. "ஏனுங்க, மச்சான் கடையில இருந்து ஒரு தம்பி வந்திருக்காருங்க. சோத்துல கைய வெச்சவரு, இந்தத் தூளு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டு ஒரே அழுகைங்க. உங்களப் பாக்கோணுமாம்."

புகையில் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. தாடி வைத்த, எலும்பும் தோலுமான ஒருவன். அவன் எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

"அக்கா, பெருஞ்சீரகம் கூடிப்போச்சு" என்றான்.

அவனும் படகேறி வந்து, முகாமில் பதியாமல், பெயின்ட் வேலைக்கு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறான். கடிதங்கள் எப்படி அவனைக் கண்டுபிடிக்கும்? நல்ல தூள் என்று எல்லோரும் வாங்கியிருந்தால் அது மலையை விட்டு இறங்கியே இருக்காது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, அன்றைக்கு நான் உம்மைத் திட்டினேனே!

என்னோடு வறுத்த ஒருத்தியின் மகன் இன்றுவரை வரவில்லை. அவள் என்னைவிட நன்றாகவே ஜெபித்தாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். தம்பி கிடைத்த பிறகும் நான் இல்லத்தை விட்டுப் போகவில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு வறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து காத்திருந்தேன்.

உங்களில் யாருக்காவது ஆண்டவர்மேல் கோபம் இருந்தால், அந்தக் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார்.

ரஞ்சன் இப்போதும் ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறான். அதே குறைதான் சொல்கிறான். ஒரு சிட்டிகைகூட நான் குறைக்கவில்லை.