தலைமார்பில் எட்டுக் கால்

ஸ்ரீரங்கத்தில் நான் விலங்கியல் எடுக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதற்காகத் தென்னூரில் ஒரு கடையில் சிலந்திப் படம் ஒன்றைப் பெரிய பிளெக்ஸாக அடிக்கக் கொடுத்திருந்தேன். சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த முன்பகுதிதான் தலைமார்பு. எட்டுக் கால்களும் அதிலிருந்துதான் கிளம்பும்; வயிற்றில் ஒரு கால்கூடக் கிடையாது. இதைத் தாளில் வரைந்தே கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் முதலில் காட்டிய படத்தில் நான்கு கால்கள் வயிற்றில் இருந்தன. திருத்தச் சொன்னேன். மறுநாள் பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போனால், இரண்டு கால்கள் இன்னும் வயிற்றிலேயே இருந்தன.

"எல்லாக் காலும் முன்னாடியே இருந்தா பின்னாடி வெறிச்சுன்னு இருக்குங்க, டீச்சர்."

"சிலந்திக்கு அப்படித்தாங்க இருக்கு. நான் என்ன பண்றது?"

தலையாட்டினார். கண்காட்சியன்று காலை பிளெக்ஸைப் பிரித்தால், அதே இரண்டு கால்கள் அதே இடத்தில்! தலைமை ஆசிரியையிடம் ஓடினேன்.

"எட்டுக் கால் இருக்குல்ல? அது போதும், மாட்டுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியில் ஏறி, அந்த இரண்டு கால்கள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். கறுப்பு மார்க்கரால் தலைமார்பில் புதிதாக இரண்டு வரைந்தேன். அவசரத்தில் கோணலாகத்தான் வந்தன.

சிறப்பு விருந்தினர் படத்தின் முன் நின்றார். "பிள்ளைங்க வரைஞ்சதா? நல்ல முயற்சி."

"ஆமாங்க சார்," என்று தலைமை ஆசிரியை முந்திக்கொண்டார்.