எடைமேடையில் அறுத்த அரைஞாண்

என் மனைவியின் தம்பி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தான். மடியில் ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டில், வாயில் புளிப்பு மிட்டாய். எச்சில் ஊற ஊற பாட்டிலுக்குள் போனது. மிட்டாயின் ஆரஞ்சு நிறத்தில் நுரைத்து, நூல் நூலாக உள்சுவரில் வழிந்து, ஒரு மனிதனின் வாய்நீர் மெல்ல மேலேறுவதைப் பார்க்காமல் காபி குடிக்க நான் பழகியிருந்தேன். காதை என்ன செய்வது? செம்பாக்கம் ஏரிக்காற்று ஜன்னல் வழியே வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் அந்த வாடைதான் என்று எனக்குத் தோன்றியது.

அவன் குத்துச்சண்டைக்காரன். ஃப்ளைவெயிட். ஐம்பது கிலோ எண்ணூறு கிராமுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாத இனம். சாதாரண நாளில் அவன் ஐம்பத்தாறு இருப்பான். மிச்சத்தைப் பட்டினியால் கரைத்து, கரையாததைக் கடைசி சில நாட்களில் தண்ணீராகப் பிழிந்தெடுப்பார்கள். எடை பார்த்து முடிந்ததும் குடித்துத் தின்று ஊதிக்கொள்ளலாம், மறுநாள்தான் சண்டை. இதை விளையாட்டு என்கிறார்கள். பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கில்தான் அவன் பயிற்சி. உரித்த தோலைக் காயப்போட்ட இடத்தில் இப்போது உயிரோடு இருப்பவர்களைக் காயப்போடுகிறார்கள். சுண்ணாம்பும் மாட்டுக்கொழுப்பும் நாறும் அந்தத் தகரக் கொட்டகையில் ரெயின்கோட்டுக்கு மேல் ரெயின்கோட் போட்டு அவன் கயிறு தாண்டுவதை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

எதிராளி கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அம்மா மீன் விற்கிறாள். இருவரும் ஏற்கெனவே இரண்டு முறை மோதியிருந்தார்கள், ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவதற்கு அமைப்பாளர்கள் ஒரு பட்டம் வைத்தார்கள். யாரிடமும் இல்லாத, காலியாகக் கிடந்த பட்டம். பித்தளைத் தகடு பதித்த அந்த பெல்ட்டின் படத்தை என் மைத்துனன் செல்போனின் முகப்பில் வைத்திருந்தான். வயது முப்பத்துமூன்று. இந்த எடையில் அந்த வயதென்றால் அடுத்த வாய்ப்பு என்று ஒன்று வராது. அவனுக்கும் தெரியும்.

எடை பார்த்தது தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மேல்மாடியில் யாருக்கோ நிச்சயதார்த்தம். சாம்பார் கொதிக்கும் மணம் படியிறங்கி வந்தது. நாலு நாளாகச் சோறு பார்க்காதவன் நாசியை விரித்து அதை உள்ளே இழுத்ததைப் பார்த்தேன். யாரோ ஒருவரின் பந்தியிலிருந்து திருடுகிறவன் போல.

தராசில் ஏறினான். கூடுதல். ஜட்டியையும் கழற்றச் சொன்னார்கள். நானும் அவனுக்குப் பயிற்சி தரும் மாஸ்டரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் துண்டை அவன் முன்னால் விரித்தோம். ஏறினான். இன்னும் கொஞ்சம் கூடுதல். தலைமுடி ஏற்கெனவே மழித்தாகிவிட்டது. துப்ப எச்சில் இல்லை. இனி இந்த உடம்பிலிருந்து எடுக்க என்ன இருக்கிறது என்று மாஸ்டர் மேலிருந்து கீழே பார்த்தார். அவர் கண் இடுப்பில் நின்றது.

வெள்ளி அரைஞாண். அம்மா இறந்த பிறகு அவள் கொலுசை உருக்கி, அக்காவாக என் மனைவி செய்து போட்டது. கொக்கி நசுங்கிப்போய் வருஷக்கணக்காகக் கழற்ற வராமல் சதையோடு கிடந்தது.

"மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க," என்றான் அவன். பிறகு மாஸ்டரிடம், "அறுத்துடு மாஸ்டர்."

மண்டபத்து எலெக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஆணின் இடுப்பிலிருந்து அதை அறுப்பது சுடுகாட்டில்தான். பழையது போனால்கூடப் புதிதைக் கட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். இங்கே சாம்பார் மணத்தில், விரித்த துண்டுக்குப் பின்னால், நின்றபடியே அவனுக்கு அது நடந்தது. சரியான எடை என்று எழுதினார்கள். யாரோ கைதட்டினார்கள். வியர்வையோடு சூடாக இருந்த அரைஞாணை மாஸ்டர் என் சட்டைப்பையில் போட்டார். ஏதோ ஒரு குடலை வைத்திருப்பது போலிருந்தது எனக்கு.

அதற்கப்புறம்தான் எதிராளி, அந்தக் குப்பத்துக்காரன், வந்தான். உதடு ஈரமாக, கன்னம் பளபளவென்று. சட்டையைக்கூடக் கழற்றாமல் தராசில் ஏறி நின்றான். இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல். ஓடிக் குறைத்துவிட்டு வா, நேரம் தருகிறோம் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டான். அமைப்பாளர்கள் மூலையில் கூடிப் பேசிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்கள்: டிக்கெட் விற்றாகிவிட்டது, சண்டை நடக்கும். என் மைத்துனன் ஜெயித்தால் பெல்ட் அவனுக்கு. மற்றவன் ஜெயித்தால் பெல்ட் யாருக்கும் இல்லை. இது உலகம் பூராவும் உள்ள விதியாம். ஒருவன் தன்னைப் பிழிந்துகொண்டு வர வேண்டும். மற்றவன் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து அவனை அடிக்கலாம்.

வீடியோ எடுப்பவன் இருவரையும் மூக்கோடு மூக்காக நிறுத்தி, ஏதாவது பேசுங்கள், தள்ளிக்கொள்ளுங்கள் என்றான்.

"இன்னாடா, ஃபேன் போட்டா பறந்துடுவ போலகீது," என்றான் குப்பத்துக்காரன். "எங்கம்மா வஞ்சிரம் வறுத்து வச்சுதுபா, வுட்டுட்டு வர மனசு வரல. பெல்ட்ட நீயே வச்சிக்க. நாளிக்கி உன்ன நான் வச்சிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்ல என் மைத்துனன் வாயைத் திறந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்ல வேண்டியதெல்லாம் என் வீட்டுக் கூடத்தில் பாட்டிலுக்குள் கிடந்தது.

வெளியே வந்து, மறுத்துவிடு, நீ எடை காட்டிவிட்டாய், தப்பு அவனுடையது என்று அவனிடம் கெஞ்சினேன். இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"மறுத்தா பெல்ட்டு வருமா மாமா?"

வராது.

மறுநாள் சாயங்காலம் அதே மண்டபம். சீர்வரிசை வைக்கும் இடத்தில் வளையம் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டு சுற்று என் மைத்துனன் வேகமாக இருந்தான், குத்தினான், நழுவினான். மூன்றாவதிலிருந்து மற்றவன் அவன்மேல் சாய ஆரம்பித்தான். குத்தக்கூட இல்லை, சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டு தன் முழு எடையையும் அவன் கழுத்தில் தொங்கவிட்டான். ஒவ்வொரு பிடிக்கும் இவன் கால் கொஞ்சம் மடங்கியது. பிறகு விலாவில் இறக்கினான். ஈரச் சாக்கை அடிக்கும் சத்தம். என் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருவர் பஜ்ஜியை மென்றபடி, "ஈரல்லயே குடு மச்சான், ஈரல்லயே குடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கசாப்புக் கடையில் நின்று கறி கேட்கும் குரல். ஆறாவது சுற்றில் மாஸ்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வளையத்துக்குள் எறிந்தார்.

சிறப்பு விருந்தினர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெல்ட்டை ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார்.

மறுநாள் காலை என் மனைவி அவனுக்குக் கரைத்த தயிர்சாதம் கொடுத்தாள். வீங்கிய உதட்டின் ஓரமாக அதை ஊற்றிக்கொண்டான். என் சட்டையைத் துவைக்கப் போட்டபோதே பையிலிருந்த அரைஞாணைப் பார்த்துவிட்டாள். அதை ஒரு கர்ச்சீப்பில் முடிந்து, பத்தரிடம் கொடுத்து ஒட்டவைத்து வாங்கிவருகிறேன், அதுவரைக்கும் இடுப்பு சும்மா இருக்கக் கூடாது என்று கறுப்புக் கயிற்றோடு வந்து நின்றாள்.

"பத்தர்கிட்ட போவாதக்கா," என்றான் அவன். "காலைல போன் பண்ணாங்க. தீபாவளி தாண்டி சண்டைய திருப்பி வைக்கிறாங்களாம். அதே பெல்ட்டு."

"அதுக்கு?"

"வெள்ளி வெயிட்டுக்கா. கயிறே இருக்கட்டும்."

அவள் கை நின்றது. அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவன் கட்டிலுக்கடியில் பார்த்தேன். அந்த எச்சில் பாட்டில் அங்கே இருந்தது. கழுவி, மூடி போட்டு வைத்திருந்தான்.

அவள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகவே போட்டாள். மிச்சம் ஒரு விரற்கடை தொங்கியது. அதையும் வெட்டிவிடச் சொன்னான்.