போடாத கையெழுத்து

மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில், கனகசுந்தரத்திடம் கையெழுத்து வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. எந்தத் தாளையும் மூன்று முறை வாசிப்பார். பிறகு, நாளைக்கு வாருங்கள் என்பார். இதற்கு அவர் வைத்த பெயர் நேர்மை. பயம் என்பதுதான் சரி.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் மனோகரன். இருவரும் சாஆ என்ற சிற்றூர்ப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். கனகசுந்தரம் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியின் மகன். மனோகரன் பால்மரம் வெட்டிய கருப்பாயியின் மகன். மனோகரன் பிறந்தபோது கனகசுந்தரத்துக்கு ஏழு வயது. கருப்பாயி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கிராணி வீட்டில் காட்டியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் மனோகரனுக்குக் கிடைத்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் மனோகரன் குடியுரிமைக்கு ஒரு ஃபாரம் கொண்டுவந்தார். இவர் இங்கேதான் பிறந்தார் என்று தெரிந்த அரசாங்க ஊழியர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை வந்தால் பதவி உயர்வு போய்விடுமே என்று கனகசுந்தரம் அதை அலமாரியில் வைத்தார். அனுப்பிவிட்டேன் என்றார். பதில் வராதபோது, மேலே நிராகரித்துவிட்டார்கள் போல என்றார். மனோகரன் நம்பினார். ஞாயிறுதோறும் கேரம் ஆட வந்துகொண்டும் இருந்தார்.

சிவப்பு ஐசிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மகள் பிரவீனாவின் கல்யாணம் மாப்பிள்ளை ஊரான சிங்கப்பூரில் நடந்தபோது மனோகரனால் எல்லைப் பாலம் தாண்ட முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி கனகசுந்தரம் மனைவியோடு போய், அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்துவிட்டு வந்தார்.

பிரவீனா மூன்று வருஷம் எழுதிப்போட்டு அலைந்ததில், இந்த வருஷம், எழுபத்தோராம் வயதில், மனோகரனுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி வந்தது. முதலில் கனகசுந்தரத்திடம்தான் கொண்டுவந்து காட்டினார். கூடவே ஒரு டப்பா லட்டு.

"அன்னைக்கு நீங்க போட்ட கையெழுத்து பழைய ஃபைல்ல இருந்திருக்கும்ணே. லேட்டானாலும் வந்திருச்சி லா."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் இருந்தவர்தானே. அன்றைக்கு அவரால் முடியவில்லை. அலமாரியிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்துவந்து கேரம் பலகைமேல் வைத்தார்.

"நான் போடல, மனோ. அனுப்பவும் இல்ல."

ஃபாரத்தின் மூலையில் ஒட்டியிருந்த தன் பழைய படத்தை மனோகரன் பார்த்தார். கருகருவென்று மீசை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிரவீனா கல்யாணத்துல எனக்குப் பதிலா நின்னீங்களே, அப்பவும் இது அலமாரியிலதான் இருந்திச்சா?"

"இருந்திச்சு" என்றார் கனகசுந்தரம்.

மனோகரன் படத்தை மட்டும் நகத்தால் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஒரு மாதம் பொறுத்து, கனகசுந்தரம் வெட்கத்தை விட்டு மன்னிப்புக் கேட்கப் போனார். வீடு பூட்டியிருந்தது. சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கனகசுந்தரத்திடம் சொல்லாமல் மனோகரன் ஊரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.