ஊர்ப் பெயரை யார் படிக்கச் சொன்னது?

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், கொடைக்கானலில் நடந்தது இது. அப்போது ஒரு விடுமுறை விடுதிக் கம்பெனியின் தபால் அறையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பணம் கட்டி உறுப்பினராகிவிட்டால் வருடத்தில் ஒரு வாரம் மலைக்கு வந்து தங்கிக்கொள்ளலாம் என்று ஆட்களைச் சேர்க்கிற கம்பெனி. தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில். உறுப்பினர்களுக்குப் போகிற அத்தனை தபாலும் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

தபால் அறை என்று கௌரவமாகச் சொல்கிறேனே தவிர, அது பழைய கார் ஷெட். மேலே ஓடு, கீழே சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு ஹீட்டர். ஹீட்டர் எங்களுக்கு இல்லை, உறைகளுக்கு! மழைக்காலத்து ஈரத்தில் பசை வைத்த உறைகள் யாரும் தொடாமலே தானாக ஒட்டிக்கொள்ளும். அதனால் அவை கதகதப்பாக இருக்கும், நாங்கள் நான்கு பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு விறைத்துக்கொண்டு இருப்போம்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட வேண்டும், முகவரி லேபிளை ஒட்ட வேண்டும், பின்கோடின் முதல் மூன்று எண் பார்த்துப் பிரிக்க வேண்டும், எல்லா உறையும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கிச் சணலால் கட்ட வேண்டும். மேலே ஒரு சீட்டு. பிறகு பை. கடைசியில் தபால் நிலையத்துக்கு ஒரு படிவம்: இத்தனை உறை, சரியாகப் பிரித்துக் கட்டியிருக்கிறோம் என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. ஒன்பது வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது. நான் கட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஏகப்பட்ட திமிர் உண்டு.

திமிருக்குக் காரணமும் இருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் பின்கோடு தலைகீழ்ப் பாடம். ஏரிப் பக்கம் சுற்றுலா பஸ் எந்த ஊர்ப் பலகையோடு வந்தாலும் எண்ணைச் சொல்லிவிடுவோம். எங்களில் மூத்தவளான அட்டுவம்பட்டி அக்கா தன் மகளுக்கு வரன் வந்த சேதியைச் சொன்னபோது, எந்த ஊர் என்று கேட்டோம். "630001" என்றாள். காரைக்குடி மாப்பிள்ளைக்கு எங்களிடம் அதுதான் பெயர்.

வேகம் வேண்டுமென்றால் உறையின் கடைசி வரியை மட்டும் பார்க்க வேண்டும். பெயர், தெரு, ஊர் எதையும் படிக்கக்கூடாது. படித்தால் கை நிற்கும். நல்ல வேலைக்காரி ஊர்ப் பெயரைப் பார்க்கவே மாட்டாள். நான் ரொம்ப நல்ல வேலைக்காரியாக இருந்தேன்.

அந்த வாரம் வந்த கடிதத்தை மடிக்கும்போது ஒரு தடவை படித்தேன். விதிமுறைகள் மாறுகின்றனவாம். இனிமேல் அந்த ஒரு வாரம் நிச்சயமில்லை, இடம் இருந்தால்தான். 'தபாலில் சேர்த்த தேதியிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக மறுப்புத் தெரிவிக்காதவர்கள் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள்' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மின்னஞ்சல் கொடுத்தவர்களுக்கு அதிலேயே அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். எல்லாம் பழைய உறுப்பினர்கள், முக்கால்வாசி வயதானவர்கள். குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடப்பார்களே, கணவனும் மனைவியும், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் மாதிரி, அவர்கள்தான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கடிதத்தில் என்ன எழுதுவது என்பது கம்பெனியின் பாடு என்று மடித்துப் போட்டேன்.

ஒரு நல்ல விஷயமும் இருந்தது. எப்போதும் லேபிள்கள் கலந்துகட்டி வரும். இந்தத் தடவை பின்கோடு வரிசையிலேயே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். பிரிக்கிற வேலையே இல்லை, ஒட்டினால் போதும், வரிசை தானாக நிற்கும். கோயம்புத்தூரில் யாருக்கோ புத்தி வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒட்டிக் கட்டிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை. வில்பட்டியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடைசிப் பையில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு சொட்டு மழைநீர் மேல் உறையில் விழுந்தது. அவசரத்தில் சேலைத் தலைப்பால் துடைத்தேன். லேபிளின் மை கரைந்து பின்கோடு அழிந்துவிட்டது. அது கோயம்புத்தூர்க் கட்டு, 641. மீதி மூன்று எண்ணை எழுத வேண்டுமே என்று வேறு வழியில்லாமல் மேல் வரியைப் படித்தேன்.

தூத்துக்குடி.

சரி, ஒன்று தவறி இங்கே வந்துவிட்டது என்று அடுத்ததைப் பார்த்தேன். 641 என்று இருந்தது. ஊர், விழுப்புரம். அதற்கடுத்தது நாகர்கோவில். வேறு பையைக் கொட்டி இன்னொரு கட்டை அவிழ்த்தேன். அங்கேயும் அதே கதை. கம்ப்யூட்டரில் யாரோ பட்டியலில் பின்கோடு இருந்த பத்தியை மட்டும் பிடித்து ஏறுமுகமாக அடுக்கியிருக்கிறார்கள். முகவரிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன, எண்கள் மட்டும் நகர்ந்து யார் யார் தலையிலோ உட்கார்ந்துவிட்டன. எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்காத நாங்கள் நான்கு கெட்டிக்காரிகள் மூவாயிரம் உறையையும் பிசகில்லாமல் தப்பான ஊருக்குக் கட்டி வைத்திருந்தோம்.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். திட்டினாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் திட்டுவார். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"சார், பின்கோடு பூராம் மாறிக் கெடக்கு."

"ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க. விடுங்க."

"ஒண்ணு ரெண்டு இல்ல சார், அம்புட்டும். அவுத்துத் திருத்தணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார், "உங்களை யாருங்க ஊர்ப் பேரைப் படிக்கச் சொன்னா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே புரியவைத்தார். பின்கோடு தப்பாக இருந்தாலும் தபால்காரர்கள் பார்த்து அனுப்பிக்கொள்வார்களாம். சுற்றிச் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் இருபத்தொரு நாள் முடிந்துவிடும் என்றேன். "போய்ச் சேர்றது நம்ம வேலை இல்லீங்க. இன்னைக்குப் போட்டாச்சுன்னு மேல சொல்லியாச்சு. சீல் விழுந்தாச் சரி" என்றார்.

எண்களை அவர் வேண்டுமென்றே மாற்றவில்லை. அது யாரோ செய்த பிசகு. ஆனால் தெரிந்த பிறகு அந்தப் பிசகு அவருக்குப் பிடித்துவிட்டது. கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராது, மறுப்பு வராது, எல்லாரும் சம்மதித்தவர்கள் ஆகிவிடுவார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பொடி எழுத்தில் எழுதியது கம்பெனியின் பாடு. தப்பான ஊருக்கு அனுப்புவது என் கை வேலை. என் கையை எதற்காக வாடகைக்குக் கொடுக்க வேண்டும்?

"அந்தப் படிவத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"நாளைக்கு வேலைக்கு வரணுமான்னு யோசிச்சுக்குங்க."

"நாளைக்கு வராட்டிப் போறேன் சார். இன்னைக்கு இங்கனதான இருக்கேன்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் போட்டிருந்த பூண்டு முழுக்க அழுகிப்போயிருந்தது. வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்தது என் சம்பளம் ஒன்றுதான். என் பின்னாலேயே ஓடிவந்த அட்டுவம்பட்டி அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் அசரவில்லை. படிவத்தை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் பைகளை ஏற்றச் சொன்னார். ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "ஒட்டுனது நீங்க, கட்டுனது நீங்க. கேள்வி வந்தா உங்க பேருதானுங்க வரும்."

அதுதான் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. ஜீப் கிளம்பியது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு குறுக்குப் படிகளில் இறங்கித் தபால் நிலையத்துக்கு ஓடினேன். "ஏ புள்ள, சோலி போயிரும்டி!" என்று அக்கா கத்தினது காதில் விழுந்தது.

நான் நனைந்து போய் உள்ளே நுழைந்தபோது பைகள் தராசுப் பக்கம் இறங்கியிருந்தன. கவுண்டரில் இருந்தவர் கறாரான மனிதர். ஓர் உறை தலைகீழாக இருந்தால்கூட மொத்தப் பையையும் திருப்பிவிடுவார் என்று ஊரே பயப்படும். படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு உங்க கையெழுத்தைக் காணோம்?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "போடலை சார். ஒரு கட்டை அவுத்துப் பாருங்க. முகவரி ஒரு ஊரு, பின்கோடு ஒரு ஊரு. ரெண்டு நாளா ஊர்ப் பேரைப் பாக்காம ஒட்டினது நான்தான். தப்பு என்னுது. இதை வாங்காதீங்க."

வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். தெரிந்த முகங்கள். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் வேண்டுமென்றே உரக்கத்தான் சொன்னேன். என் பெயரை வைத்துத்தானே மிரட்டினார்? இனி அதை வைத்து அவர் என்ன செய்வார்?

கவுண்டரில் இருந்தவர் சணலை அறுத்து ஐந்தாறு உறையைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒம்பது வருசமா உன் கட்டை நான் அவுத்ததே கெடையாது. இனிமே அவுக்கணும் போல" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "எடுத்துட்டுப் போங்க சார். சரியாப் பிரிச்சுக் கொண்டாந்தா வாங்குறேன்."

"காசு கட்டுறமுங்க, வாங்கிக்க வேண்டியதுதானுங்களே?"

"தெரிஞ்சே தப்பா அனுப்புறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல சார்."

பைகள் மறுபடி ஜீப்பில் ஏறின. நான் வெளியே போகும்போது அவர் கூப்பிட்டு, மேசைக்கு அடியிலிருந்து தடியான பின்கோடு புத்தகத்தை எடுத்து நீட்டினார். சின்ன ஊர்களுக்கு வேண்டியிருக்கும் என்றார். "நாளன்னிக்கு வெள்ளனே என் மேசைல இருக்கணும்." முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. புத்தகத்தை முந்தானைக்குள் வைத்து மழை படாமல் கொண்டுவந்தேன்.

கோயம்புத்தூரில் சரியான பட்டியலைத் தேடித் தர அடுத்த வாரம் ஆகும் என்றுவிட்டார்கள். மேனேஜர் எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். மூவாயிரம் உறைக்கும் ஊரைப் பார்த்து எண் சொல்லத் தெரிந்த வேறு ஆள் இந்த மலையில் அவருக்கு எங்கே கிடைக்கும்? "அவுத்துத் திருத்துங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் கட்டுகளை அவிழ்த்தோம். தப்பான எண்ணைக் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டு, ஊர்ப் பெயரை உரக்கப் படித்து, சரியானதை எழுதினோம். "பட்டுக்கோட்டை?" என்று ஒருத்தி கேட்பாள், "614601" என்று இன்னொருத்தி சொல்வாள். "ராசபாளையம்?" "626117." ஒன்பது வருடத்தில் அந்த அறையில் முதல் தடவையாக ஊர்ப் பெயர்கள் கேட்டன. முந்தானையை இழுத்த அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகப் படித்தாள். மேனேஜர் தன் அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் இன்னும் சத்தமாகப் படித்தாள்.

மூன்றாம் நாள் நானே கையெழுத்துப் போட்டு, பைகளை ஒப்படைத்து, புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்தேன். முத்திரை விழுந்த ரசீதை மேனேஜர் மேசையில் வைத்தேன். "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார். தெரிந்த விஷயம்தான். என் டம்ளரையும் சால்வையையும் காலையிலேயே பைக்குள் எடுத்து வைத்திருந்தேன். அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

அக்கா பிறகு சொன்னாள், பதில் கடிதங்கள் சாக்குச் சாக்காக வந்தனவாம். எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், கடைசியில் கம்பெனி என்ன முடிவெடுத்தது, எதுவும் எனக்குத் தெரியாது. உறுப்பினர்கள் தங்கள் கையாலேயே பதில் எழுதினார்கள். எனக்கு அது போதும்.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். இப்போது ஒரு சாக்லேட் கடையில் பார்சல் கட்டி அனுப்புகிறேன். அதே தபால் நிலையம், அதே கவுண்டர். அந்த மனிதர் சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் என் பார்சல்களில் ஒன்றை எடுத்து ஊரையும் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்! அவருக்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன். கையில் உறையோ பெட்டியோ எது வந்தாலும் இப்போதெல்லாம் முதலில் ஊர்ப் பெயரைத்தான் படிக்கிறேன், யாரும் படிக்கச் சொல்லாமலே.