வாக்குத்தத்தமும் வாளித் தண்ணீரும்

என் அக்கா ரோஜா சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் பதினோரு வருடமாக அட்டை கலக்குகிறாள். புத்தாண்டன்று சபைகளில் ஆளுக்கொன்றாக எடுக்கிறார்களே, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை, அதுதான். அறுபது வசனங்களும் தனித்தனி அடுக்காக வரும். ஒரே கட்டுக்குள் எல்லாம் விரவி இருக்கும்படி கலந்து கட்ட வேண்டும். கண்டிக்கிற வசனங்கள் வந்தால் சபைகளில் முணுமுணுக்கிறார்கள் என்று அவற்றை முதலாளி முன்பே எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஆகவே யார் கைக்கு எது வந்தாலும் ஆசீர்வாதமாகத்தான் வரும்.

இந்த ஆண்டு எங்கள் நாரணாபுரம் சபைக்குப் போன கட்டும் அவள் கட்டியதுதான். புத்தாண்டு காலை ஆராதனையில் அத்தான் காளீஸ்வரன் ஓர் அட்டையை உருவினார். நெருப்புக்குள் நடந்தாலும் நீ வெந்துபோக மாட்டாய் என்கிற கருத்தில் ஒரு வசனம்.

அத்தான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். இரண்டு வருடத்துக்கு முன் இடது கை வெந்து, இனி அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அச்சாபீஸில் லோடு இறக்க ஆள் கேட்டார்கள். “மருந்து கலக்குறவனுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. மூட்டை தூக்குறவன் பேரு எவனுக்குத் தெரியும்?” என்று தட்டிக்கழித்து வந்தார். அட்டையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. மறுநாள் அச்சங்குளத்துக் கம்பெனி போர்மேன் அய்யாதுரைக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை முதல் கலவை அறைக்கு வருகிறேன் என்றார்.

“அந்த அட்டையைக் கலக்கினது நானு. அறுபதுல ஒண்ணு உங்க கையில அகப்பட்டிருக்கு, அம்புட்டுத்தான்,” என்றாள் அக்கா.

“உன் கையை வச்சுக் கலக்கினது யாரு? கர்த்தருதான் புள்ள.”



திங்கட்கிழமை அக்கா விடியுமுன் எழுந்து, அத்தானின் பருத்திச் சட்டை மூன்றையும் வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். கலவை அறைக்குப் பருத்திதான் போட்டுப் போக வேண்டும். நைலான் உரசினால் பொறி பறக்கும். ஈரத்தோடும் போகக் கூடாது. மருந்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. வெயில் ஏறுமுன் கலவை முடிந்தாக வேண்டும், அதனால் சட்டை காயும்வரை காத்திருக்கவும் வழியில்லை.

“என்ன புள்ள செஞ்சு வச்சிருக்க?”

“நான் எங்க செஞ்சேன்? அட்டையைக் கலக்கினது அவரு கைன்னா, சட்டையை முக்கினதும் அவரு கைதான்.”

மறுநாளும் மூன்றும் வாளிக்குள் கிடக்க, அத்தான் நைலான் சட்டையில் போனார். அய்யாதுரை வாசலிலேயே மறித்தார்: “ஏலே, கல்யாண வீட்டுக்கா வந்திருக்க? திரும்பிப் போ.”

புதன்கிழமைக்காகப் பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்துவிடம் ஒரு சட்டை இரவல் வாங்கி வைத்தார். விடிந்தபோது அதுவும் வாளிக்குள் கிடந்தது.

“அடுத்தவன் சட்டை புள்ள!”

“துவைச்சுத் தாறேன்னு சொல்லுங்க.”

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. கம்பெனியில் ஒன்றும் நடக்கவில்லை. வேறொருவர் கலவையை முடித்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா?” என்றார் அத்தான்.

“ஏதாச்சும் ஆகணும்னா நான் நனைச்சேன்?” என்றாள்.

ஆனால் அன்று எனக்குப் போன் செய்து கேட்டாள்: “தம்பி, நான் கர்த்தருக்கு விரோதமா நிக்கேனோ? நீ படிச்சவன், சொல்லு.” தோஹாவில் இருக்கிற எனக்கு, சிவகாசியில் வெடிவிபத்து என்று செய்தி வந்தால் கம்பெனிப் பெயரை வாசித்து முடிக்கும்வரை மூச்சு வராது. இரண்டு மொழியில் ஜெபிக்கத் தெரியும். அவளுக்குச் சொல்ல ஒரு மொழியிலும் பதில் இல்லை. “நீ நனை, அக்கா,” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை அத்தான் கோபமில்லாமல் கேட்டார்: “உனக்கு விசுவாசம் இல்லையா ரோஜா?”

“இருக்கு. நீங்க தவறி நெருப்புல விழுந்தா அவரு தூக்குவாருன்னு நம்புதேன். நீங்களாப் போயி நின்னுக்கிட்டு, தூக்கு பாப்போம்னு சொல்றதுக்கு நான் சட்டை எடுத்துத் தரமாட்டேன்.”

அடுத்த திங்கட்கிழமை வாளி காலியாக இருந்தது. சட்டை காய்ந்து, மடித்து, கட்டில்மேல் கிடந்தது.

“ஆயுசுக்கும் நனைச்சுக்கிட்டு இருக்க முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இனி நீங்களே முடிவு பண்ணுங்க.”

அத்தான் அதைப் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் ஏறிப் போனார்.

அக்கா அச்சாபீஸுக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று காலை எதை அடுக்கினாள் என்றே அவளுக்கு நினைவில்லை. ஒன்பது மணிக்குப் பின்வாசலில் லேபிள் தாள் லோடு வந்து நின்றது. டெம்போவிலிருந்து பண்டல் இறக்கிக்கொண்டிருந்த ஆளின் சட்டையைத்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

“கம்பெனி வேன்ல போனீகளே?”

“முக்குல நிப்பாட்டச் சொல்லி இறங்கிட்டேன்.”

“கர்த்தரா இறக்கிவிட்டாரு?”

அத்தான் பண்டலைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“தெரியல புள்ள. இறங்கினது என் காலு.”